கவுஞ்சிக்கு வந்த கொனாமி

சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுத் துறையில் ஒரு சிறு கருத்தரங்கு நடந்தது. 'வீட்டுப் பொருளும் அதன் வரலாறும்' என்பது தலைப்பு. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து ஒரு பழம்பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும். ஒருவர் பாட்டனார் காலத்து மரக்காலைக் கொண்டுவந்தார். இன்னொருவர் பித்தளை வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்தார். நான் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது, உள்ளங்கை அளவுள்ள மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. 'டிவி கேம்' கேசட்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதைச் செய்தவர் யார், தம்பி? எந்த ஊரில்? எந்த ஆண்டில்?" என்று கேட்டார்.

"சைனாக்காரன் செய்தது, ஐயா."

"நான் பெட்டியைக் கேட்கவில்லை. உள்ளே இருக்கும் விளையாட்டைக் கேட்கிறேன்."

விழித்தேன். "அந்த மரக்காலில்கூட முத்திரை இருக்கிறது. உன் பொருளில் 9999999 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லையே!" என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். அன்று பாதியில் உட்கார்ந்தேன். மாணவ நண்பர்களே, இக்கட்டுரை அந்த மூன்று கேள்விகளுக்கும் ஓராண்டு தாமதமாக நான் தரும் விடை.

முதலில் அந்தக் கேசட் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கவுஞ்சி. கோடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூரைத் தாண்டி வரவேண்டும். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் ஊர். சுற்றுலா வருவோரில் பெரும்பாலோர் பூம்பாறைக் குழந்தை வேலப்பரோடு திரும்பிவிடுவதால், எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் இக்கல்லூரியிலேயே பலர் "அது எங்கே இருக்கிறது?" என்பார்கள். 2011-ஆம் ஆண்டு, நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அப்பா பூண்டு மூட்டைகளை வடுகபட்டிச் சந்தையில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், 350 ரூபாய்க்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். அந்த ஆண்டு பூண்டுக்கு நல்ல விலை. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் இருந்தது. மழைக்காலத்தில் படம் சரியாகத் தெரியாத அந்தப் பெட்டிக்கு அன்றுதான் முழுநேர வேலை கிடைத்தது.

எனக்கும் என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணனுக்கும் அதுதான் உலகம். கேசட்டில் விளையாட்டுகள் எத்தனையோ லட்சம் என்று பட்டியல் ஓடும். உண்மையில் இருந்தவை முப்பதுக்குள்தான். அதே விளையாட்டை வேறு கட்டத்திலிருந்து தொடங்கி வேறு பெயர் சூட்டி நிரப்பியிருந்தார்கள். அவற்றுள் நாங்கள் விடாமல் ஆடியவை நான்கு. பனியில் ஓடி மீன் பிடிக்கும் பென்குயின். சிங்கத்தின்மேல் ஏறி நெருப்பு வளையம் தாண்டும் சர்க்கஸ். எரிபொருள் தீர்வதற்குள் எல்லையைத் தொடவேண்டிய கார்ப் பந்தயம். நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது, கான்ட்ரா. துப்பாக்கியோடு இருவர் காட்டுக்குள் இறங்கி, அருவி ஏறி, பனிமலை கடந்து, கடைசியில் வேற்றுலக அரக்கனின் இதயத்தையே சுட்டு வீழ்த்தும் எட்டுக் கட்டப் போர்.

இந்த நான்கையும் உருவாக்கியது ஒரே நிறுவனம் என்பது, மேற்சொன்ன கருத்தரங்கில் அவமானப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பெயர் கொனாமி.

கொனாமியின் தொடக்கம் கணிப்பொறியில் இல்லை. பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. காசு போட்டால் இசைத்தட்டைச் சுழற்றும் 'ஜூக்பாக்ஸ்' இயந்திரங்களை வாடகைக்கு விடுவதும் பழுதுபார்ப்பதுமாக, 1969-ஆம் ஆண்டு ஒசாகா மாநிலத்தில் ககேமாசா கோசுகி என்ற இளைஞர் தொடங்கிய தொழில் அது. நம் ஊரில் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அந்த நிலை. 1973-இல் முறையான நிறுவனமாகி, கேளிக்கைக் கூடங்களுக்கு வேண்டிய இயந்திரங்களைத் தாமே செய்யத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் காசு போட்டு ஆடும் திரை விளையாட்டுகள் ஜப்பானைப் பித்துப் பிடிக்க வைத்தபோது, கொனாமியும் அதில் இறங்கியது. 1981-இல் வந்த 'ஸ்கிராம்பிள்', 'ஃபிராகர்' இரண்டும் அதன் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றன. ஃபிராகர் என்பது தவளை சாலையைக் கடக்கும் விளையாட்டு. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தின் முன் சாலையைக் கடந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

1983 ஜூலையில் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற வீட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டிலிருந்த டிவி கேம் இதன் நகல்தான். அந்தக் கருவியின் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். ஒரு தமிழ்க் கடிதத்தைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து சேமித்தாலே இதைவிட அதிக இடம் பிடிக்கும். விளையாட்டு முழுவதும் கேசட்டிலுள்ள சில்லில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கேசட்டைச் செருகியதும் அந்தச் சில்லு கருவியின் மூளையோடு நேராக இணைந்துவிடும். ஆகவேதான் பொத்தானை அழுத்திய நொடியில் விளையாட்டு தொடங்குகிறது. கேசட்டின் அடியில் நாம் ஊதி ஊதித் துடைத்தோமே, அந்தச் செப்புக் கோடுகள் அறுபதும் அந்த இணைப்பின் வாயில்கள்.

கொனாமி 1985-இல் ஃபேமிகாமுக்கு விளையாட்டுகள் எழுதத் தொடங்கியது. பென்குயின் ('அண்டார்க்டிக் அட்வெஞ்சர்') அவ்வாண்டே வந்தது. கார்ப் பந்தயமும் ('ரோட் ஃபைட்டர்') அவ்வாண்டுதான். சர்க்கஸ் 1984-இல் கேளிக்கைக் கூடத்தில் பிறந்து, பிறகு வீட்டுக்கு வந்தது.

இந்தப் பழைய விளையாட்டுகள் எங்கள் மஞ்சள் கேசட்டில் எப்படி இடம் பிடித்தன என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இவை மிகச் சிறியவை. நிரலும் படங்களும் சேர்ந்து ஒவ்வொன்றும் 40 கிலோபைட்டுக்கு மேற்படாது. கேசட்டுக்குள் தனிச் சில்லு எதுவும் தேவையில்லை. மேலும் ஜப்பானிய ஃபேமிகாம் கருவியில், அசல் கேசட்டா நகலா என்று சோதிக்கும் பூட்டுச் சில்லு கிடையாது. அது பின்னர் அமெரிக்கப் பதிப்பில்தான் சேர்ந்தது. பூட்டில்லாத வீட்டில், தூக்குவதற்கு எளிதான பொருள்! நகல் செய்பவர்கள் இத்தகைய சிறு விளையாட்டுகளை டஜன் கணக்கில் ஒரே சில்லில் அடைத்தார்கள். பிற்காலத்தில் கொனாமி தன் கேசட்டுகளுக்கென்றே சிறப்புச் சில்லுகளைச் செய்துகொண்டது. அவ்வாறு வந்த பெரிய விளையாட்டுகளை இப்படி மொத்தமாக அடைப்பது எளிதாக இருக்கவில்லை. நாங்கள் கொனாமியின் குழந்தைப் பருவத்தை மட்டும் ஆடி வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

கருவியையும் இப்படித்தான் நகல் செய்தார்கள். நாடுதோறும் அதற்கு ஒரு பெயர். ரஷ்யாவில் 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்', இலங்கையிலும் மலேசியாவிலும் 'மைக்ரோ ஜீனியஸ்'. இந்தியாவில் 'சாமுராய்' என்றும், மீடியா நிறுவனத்தின் 'லிட்டில் மாஸ்டர்' என்றும் விற்றன. பிறகு பெயரே இல்லாதவையும் வந்தன. 2013-இல் எங்கள் கருவி இறந்தபோது அண்ணன் திருப்புளியால் திறந்து பார்த்தான். உள்ளே பெரிதாக எதையோ எதிர்பார்த்தோம். ஒரு சிறு பச்சை அட்டை, அதன் நடுவே தார் சொட்டியதுபோல் கறுப்பாக ஒரு குமிழ். அவ்வளவே. ஃபேமிகாமின் முழுச் சுற்றையும் ஒரே சில்லாகச் சுருக்கி, மேலே பிசினை ஊற்றி மூடியிருந்தார்கள். அந்தக் குமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.

பெயர்கள் எப்படிப் போயின? எங்கள் கேசட்டில் கான்ட்ராவைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே கறுப்பு வெளிதான் இருக்கும். மூலப் பதிப்பின் முகப்பை அண்மையில்தான் பார்த்தேன். அந்தக் கறுப்பு வெளி இருக்கவேண்டிய இடத்தில் கொனாமியின் பெயரும் ஆண்டும் உரிமைக் குறியும் இருக்கின்றன. நகல் செய்தவர்கள் அதை அழித்துவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் முழுவதும் அழிக்க அவர்களால் முடியவில்லை. கார்ப் பந்தயத்தில் எதிலும் மோதாமல் வெகுதூரம் போனால், சாலையோரமாக ஒரு மனிதன் பறந்து செல்வான். மதிப்பெண் கூடும். நாங்கள் அவனைச் 'சூப்பர்மேன்' என்போம். அவனைப் பார்த்தவர்கள் ஊரில் சிலரே; பார்த்தேன் என்று பொய் சொன்னவர்கள் பலர். அவன் சூப்பர்மேன் அல்லன். அவன் பெயர் 'கொனாமி மேன்'. நிறுவனம் தன் பெயரையே ஒரு பாத்திரமாக்கி விளையாட்டுக்குள் பறக்க விட்டிருக்கிறது. முகப்பில் பெயரை அழித்தவர்கள் இவனைக் கவனிக்கவில்லை போலும். நான் எட்டு வயதில் விடையைக் கண்ணால் பார்த்துவிட்டு, இருபது வயதில் பேராசிரியர் முன்னால் விழித்திருக்கிறேன்!

இதுவரை படித்தவர்கள், நகல் செய்தவர்கள் திருடர்கள், கொனாமி பறிகொடுத்தது, கதை முடிந்தது என்று எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். தேடத் தேட வேறொன்று தெரிந்தது.

1986-இல் கொனாமி 'அகுமாஜோ டிராகுலா' என்ற விளையாட்டை வெளியிட்டது. மேலை நாடுகளில் அதன் பெயர் 'காசில்வேனியா'. ஒருவன் சாட்டையோடு டிராகுலாவின் கோட்டைக்குள் நுழையும் கதை. அதன் இசை இன்றும் கச்சேரி மேடைகளில் வாசிக்கப்படுகிறது. விளையாட்டை முடித்தால் திரைப்படம்போல் பெயர்ப் பட்டியல் ஓடும். இசை: ஜேம்ஸ் பனானா. இயக்கம்: டிரான்ஸ் ஃபிஷர்ஸ். இப்படி யாரும் கிடையாது. பழைய டிராகுலா திரைப்படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டையும், அவற்றை இயக்கிய டெரன்ஸ் ஃபிஷரையும் கேலியாகத் திரித்து வைத்த பெயர்கள் அவை. வாழைப்பழம் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் கினுயோ யமஷிதா என்ற பெண். மின்னணுவியல் படித்து முடித்து, அவ்வாண்டில்தான் கொனாமியில் வேலைக்குச் சேர்ந்தவர். நம் வகுப்புத் தோழியரைவிட அதிக வயதிருக்காது.

அக்காலத்து ஜப்பானிய விளையாட்டு நிறுவனங்கள் பலவற்றிலும் இதுவே வழக்கம். உண்மைப் பெயரைப் போட்டால் போட்டி நிறுவனம் அந்தத் திறமைசாலியைக் கூடுதல் சம்பளம் காட்டி அழைத்துக்கொள்ளும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே புனைபெயர், செல்லப்பெயர், அல்லது ஒன்றுமே இல்லை. நகல்காரன் நிறுவனத்தின் பெயரை அழித்தான். அதற்கு முன்பே நிறுவனம் தொழிலாளியின் பெயரை அழித்திருந்தது. எங்கள் கவுஞ்சி வீட்டுக்கு வந்தது இருமுறை பெயர் அழிந்த பொருள்.

தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. இந்த இடத்தில் எனக்குச் சங்க இலக்கியம் நினைவுக்கு வந்தது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பாடல் இருந்தும் பாடியவர் பெயர் தெரியாதபோது, அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் எல்லாம் அவ்வாறு வந்த பெயர்களே. பெயர் தெரியாதவருக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று கருதிய மரபு அது. பெயர் தெரிந்தவருக்கு வாழைப்பழம் என்று பெயரிட்டது இன்னொரு மரபு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேர்ந்ததில் எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொனாமி தேவைப்பட்டபோது தன் பெயரையும் மறைத்துக்கொண்டது. அமெரிக்காவில் நிண்டெண்டோ ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது: எந்த நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்குமேல் வெளியிடக்கூடாது. கொனாமி என்ன செய்தது? 1988-இல் 'அல்ட்ரா கேம்ஸ்' என்ற பெயரில் இன்னொரு நிறுவனத்தை ஏற்படுத்தி, அதன்மூலம் மேலும் ஐந்தை வெளியிட்டது. ஒரே குடும்பத்தில் இரண்டு குடும்ப அட்டை!

இனி கான்ட்ராவுக்கு வருவோம். 1987 பிப்ரவரியில் கேளிக்கைக் கூடத்துக்கு வந்தது; அடுத்த ஆண்டு வீட்டுக் கருவிக்கு வந்தது. ஒருவர் நீலக் கால்சட்டை, மற்றவர் சிவப்பு. அண்ணன் எப்போதும் நீலம். அருவிக் கட்டத்தில் ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால், திரை நகர்ந்து கீழே நிற்பவர் செத்துப்போவார். எங்கள் வீட்டில் அடிதடி நடந்ததெல்லாம் அந்த அருவியில்தான். ஒருவருக்கு உயிர் தீர்ந்துவிட்டால் மற்றவரின் இருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்காமலே எடுத்துக்கொள்வேன். அண்ணன் திட்டுவான், ஆனால் ஒருமுறைகூட விளையாட்டை நிறுத்தியதில்லை. ஜெர்மனியில் சிறுவர்க்கான கட்டுப்பாடு கடுமையானதால், ஐரோப்பாவில் இதே விளையாட்டில் மனிதர்களை எடுத்துவிட்டு இயந்திர மனிதர்களை வைத்தார்கள். 'புரோபோடெக்டர்' என்று பெயரையும் மாற்றினார்கள். நாடு மாறினால் பெயர் மாறும் என்பது நகல்காரர்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

கான்ட்ராவில் ஆளுக்கு மூன்று உயிர். எதிரியின் ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். மூன்று உயிரில் எட்டுக் கட்டத்தையும் முடிப்பது பெரும்பாடு. ஆனால் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதைச் செய்தவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது.

கஸுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் கொனாமியின் நிரலாளர். 'கிராடியஸ்' என்ற விண்கல விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றி எழுதும் வேலை அவருக்கு வந்தது. எழுதியதைச் சோதிக்க வேண்டுமானால் முதலிலிருந்து கடைசிவரை ஆடிப் பார்க்கவேண்டும். விளையாட்டோ மிகக் கடினம். எழுதியவராலேயே ஆடி முடிக்க முடியவில்லை. ஆகவே தமக்கு மட்டும் ஒரு கள்ளச் சாவி செய்துகொண்டார். விளையாட்டை நிறுத்திவைத்து, மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தினால் விண்கலத்துக்குப் பெரும்பாலான ஆயுதங்களும் வந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த வரிகளை நீக்கியிருக்கவேண்டும். நீக்காமலே 1986-இல் விளையாட்டு விற்பனைக்குப் போய்விட்டது. ஆடியவர்கள் கண்டுபிடித்தார்கள், ஊரெங்கும் பரவியது. கொனாமி அதையே தன் மரபாக்கிக்கொண்டு, பல விளையாட்டுகளில் வைத்தது. கான்ட்ராவில் முகப்புத் திரையிலேயே இதை அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். உலகமெங்கும் இதற்குக் 'கொனாமி கோட்' என்று பெயர்.

ஹஷிமோட்டோ கோட் என்று அல்ல என்பதைக் கவனியுங்கள். அவர் 2020 பிப்ரவரியில், 61-ஆம் வயதில் காலமானார். அச்செய்தியை வெளியிட்டு நிறுவனமே இரங்கல் தெரிவித்தது. உலகச் செய்தித்தாள்கள் அவர் பெயரைப் போட்டன. இங்கே கொடைக்கானல் மலைமேல் இரண்டு பையன்கள் மூன்று உயிரோடு மாரடித்துக்கொண்டிருந்ததை அவர் அறிந்திருக்க வழியில்லை.

கொனாமியின் பிற்கால வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஹிடியோ கொஜிமா முதலில் பென்குயினின் இரண்டாம் பாகத்தில் உதவி செய்தார். மறு ஆண்டில் 'மெட்டல் கியர்' என்ற விளையாட்டை உருவாக்கினார். போர் விளையாட்டு செய்யச் சொன்னார்கள். அவர்கள் கையிலிருந்த கருவியோ திரையில் பல எதிரிகளையும் குண்டுகளையும் ஒருசேரக் காட்ட வலுவற்றது. சண்டை போடாமல் ஒளிந்து ஒளிந்து போவதையே விளையாட்டாக்கினார். குறையையே வடிவமாக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. 1998-இல் 'மெட்டல் கியர் சாலிட்', அதே ஆண்டில் கால்களால் ஆடும் நடன இயந்திரம், 1999-இல் 'சைலண்ட் ஹில்' என்று கொனாமி உச்சத்தில் இருந்தது. 2001-இல் உடற்பயிற்சி நிலையங்களை வாங்கி அத்தொழிலிலும் இறங்கியது. 2012-இல், சப்போரோ நகரில் இரு சகோதரர்கள் 1973-இல் தொடங்கிய ஹட்சன் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. எங்கள் கேசட்டில் இருந்த 'பாம்பர்மேன்' ஹட்சனுடையது. ஆக, நாங்கள் அறியாமலே அதுவும் கொனாமிக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு 2015. கொஜிமாவுக்கும் நிறுவனத்துக்கும் முறிவு ஏற்பட்டது. 'மெட்டல் கியர் சாலிட்' ஐந்தாம் பாகத்தின் அட்டையில் அதுவரை இருந்த அவருடைய பெயர் நீக்கப்பட்டது. ஆனால் விளையாட்டுக்குள்ளே ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பெயர்ப் பட்டியல் ஓடும்படி அமைந்திருந்ததால், ஆடுபவர்கள் அவர் பெயரை மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். அட்டையில் அழித்தது உள்ளே பறந்துகொண்டிருந்தது, கொனாமி மேனைப் போல. அவ்வாண்டு இறுதியில் அந்த விளையாட்டுக்குப் பரிசு கிடைத்தது. வழக்கறிஞர் வழியாகத் தடுக்கப்பட்டதால் கொஜிமா வரவில்லை என்று மேடையிலேயே அறிவித்தார்கள். அதே 2015-இல் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ், தேவையில்லை என்று கருதப்பட்ட விளையாட்டுக் கலைஞர்கள் உடற்பயிற்சி நிலையத்தைச் சுத்தம் செய்யும் வேலை போன்றவற்றுக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி வெளியிட்டது.

கொனாமி இன்றும் பெரிய நிறுவனமே. நம் விடுதியில் இரவு பதினொன்றுக்கு மேலும் போர்வைக்குள் கைப்பேசியில் கால்பந்து ஆடும் நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஆடும் 'ஈஃபுட்பால்' கொனாமியுடையதுதான். அவர்களில் ஒருவரிடம் "இதைச் செய்தது யார்?" என்று கேட்டேன். "மெஸ்ஸி" என்றார்!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பூண்டு விவசாயியைக் கேட்கட்டும். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இம்மலையில் விளைந்ததை மட்டுமே அப்பெயரால் விற்கலாம். சமவெளிப் பூண்டையும் மலைப்பூண்டு என்று சொல்லி விற்கும்போது எங்கள் அப்பாவுக்கு வரும் கோபத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த அப்பாதான் பெயர் அழித்த கேசட்டை எனக்கு வாங்கித் தந்தார். 350 ரூபாய்க்குமேல் கொடுக்க அவரிடம் இல்லை; கொடுத்தாலும் அசலை விற்கும் கடை எங்கள் மலையில் இல்லை. நகலை நான் நியாயப்படுத்தவில்லை. நகல் இல்லாவிட்டால் கொனாமி கவுஞ்சிக்கு வந்திருக்காது என்பதும் உண்மை.

அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அப்பாவோடு தோட்டத்தில் இறங்கிவிட்டான். நான் இக்கல்லூரியில் படிப்பது அதனால்தான். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சேகரித்த செய்திகளை எல்லாம் அவனிடம் சொன்னேன். யமஷிதாவின் கதையைக் கேட்டு, "அந்தப் பிள்ளைக்கு அப்புறமாச்சும் பேரு வந்துச்சா?" என்றான். வந்தது என்றேன். ஹஷிமோட்டோ கதைக்குச் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இத்தனை வருசம் மூணு உசுரோடவே ஆடித் தொலைச்சோமேடா" என்றான்.

பக்கத்து வீட்டில் ஒரு டிவி கேம் உயிரோடு இருந்தது. இரவல் வாங்கி வந்தோம். மஞ்சள் கேசட்டை ஊதிச் செருகினோம். கான்ட்ராவின் முகப்பு வந்தது. தலைப்புக்குக் கீழே அதே கறுப்பு வெளி. நான் சொல்லச் சொல்ல அண்ணன் அழுத்தினான். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. முப்பது உயிரையும் திரை ஒருங்கே காட்டாது. இருக்கிறதா இல்லையா என்பதைச் செத்துச் செத்துத்தான் எண்ணவேண்டும். நான்காவது முறை செத்தும் ஆட்டம் நிற்காமல் ஓடியபோது அண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே குண்டுக்கு நேரே போய் நின்று எண்ணிக்கொண்டே இருந்தோம். பதினேழாவதில் கரண்ட் போய்விட்டது.